மர முட்டையில் வண்ணக் கோலம்: முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மர முட்டையை அலங்கரிக்கும் வேலையில் ஆகச் சுலபமானது வண்ணம் பூசுவதுதான். நேரத்தைச் சாப்பிடுவதெல்லாம் அதற்கு முன்னால் வருகிறது: தேய்ப்பது, துளை அடைப்பது, வெள்ளை அடிப்பது, பென்சில் கோடு போடுவது. இந்த நாலையும் ஒழுங்காகச் செய்துவிட்டால், ஓவியம் வரையத் தெரியாதவர் கையிலும் முட்டை நன்றாகவே வந்துவிடும். இவற்றைத் தாண்டிக் குதித்து நேரே பெயின்ட் டப்பாவைத் திறந்தவருடைய முட்டை, எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், கிட்டத்தில் பார்க்கும்போது திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் தயாரிப்பு வேலையைப் பற்றித்தான் இருக்கும். பூ, பறவை என்று ஆசைப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முட்டையில் சித்திரம் எழுதுவதில் பெயர்போனவர்கள் உக்ரைன்காரர்கள். ‘பிசங்கா’ என்று சொல்லும் அந்தக் கலையில், அசல் முட்டை ஓட்டின் மேல் உருக்கிய தேன்மெழுகால் கோடு இழுப்பார்கள். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்குவார்கள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடிச் சிவப்பில் முக்குவார்கள், அப்புறம் கறுப்பு. கடைசியில் மெழுகுவர்த்திச் சூட்டில் மெழுகை இளக்கித் துடைத்தால் அத்தனை நிறமும் ஒன்றாக வெளியே வரும். மேற்கு உக்ரைனில் கொலோமியா என்ற ஊரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2000-ல் திறந்த அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியே பிரம்மாண்டமான முட்டை வடிவத்தில்தான் நிற்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிசங்காவைச் சேர்த்தது.

மெழுகும் சாயமும் மரத்தில் சரிப்படாது. மரம் சாயத்தை ரேகை வழியே உறிஞ்சி மெழுகுக்கு அடியிலும் பரப்பிவிடும். மெழுகோ துளைகளுக்குள் தங்கிவிட்டு வெளியே வர மறுக்கும். ஆகவே கடைந்தெடுத்த மர முட்டையில் அதே கோலங்களைத் தூரிகையால் தீட்டுவதுதான் வழக்கம். அமெரிக்க வெள்ளை மாளிகையில் 1878 முதல் நடக்கும் ஈஸ்டர் முட்டை உருட்டும் விழாவில்கூட, 1981-லிருந்து நினைவுப் பரிசாகக் கொடுப்பது மர முட்டைதான். உடையாது, அழுகாது, குழந்தை கையிலிருந்து உருண்டு போனாலும் கவலையில்லை. உயிர்த்த ஞாயிறு பரிசாகவும் கொடுக்கலாம், கொலுவில் ஓரமாகவும் வைக்கலாம்.

இங்கே சொல்லித் தரப்போவது பிசங்காவின் பழைய வடிவங்களில் ஒன்றான எட்டு முனை நட்சத்திரம். அக்ரிலிக் வண்ணம், குண்டூசித் தலை, ஒரு சின்ன பிரஷ் போதும். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதில் ஓவியத் திறமைக்கு வேலை குறைவு, மடித்த காகிதத் துண்டுக்கு வேலை அதிகம்.

முட்டை வாங்கும்போது

கைவினைப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் வண்ணம் பூசாத மர முட்டைகள் கிடைக்கின்றன. கோழி முட்டை அளவு, அதாவது சுமார் 6 செ.மீ. உயரம், நாலரை செ.மீ. குறுக்களவு உள்ளதை வாங்குங்கள். காடை முட்டை அளவில் தொடங்கினால் கண் வலிதான் மிஞ்சும். அடி தட்டையாகச் சீவியது, முழு உருண்டை என்று இரண்டு வகை உண்டு. தட்டை அடி உள்ளது தானே நிற்கும் என்றாலும் முதல் முட்டைக்கு உருண்டையே நல்லது. கோடு போடும்போது இரண்டு முனைகளும் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

பக்கத்தில் கடைசல் பட்டறை இருந்தால் கடைந்து தரச் சொல்லலாம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் செய்பவர்களுக்கும், கர்நாடகத்தில் சென்னப்பட்டணா பொம்மை செய்பவர்களுக்கும் முட்டை கடைவது பெரிய வேலை இல்லை. சென்னப்பட்டணாவில் பயன்படுவது வெப்பாலை மரம். வெளிர் நிறம், நெருக்கமான ரேகை, கணுவும் குறைவு. வண்ணம் பூச இதைவிட நல்ல மரம் கிடைப்பது கடினம். ரப்பர் மரமும் பரவாயில்லை, ஆனால் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். குண்டூசி குத்தியதுபோல் துளைகள் இருந்து, தட்டினால் மாவு கொட்டினால் அந்த முட்டை வேண்டாம். தேக்கு விலை உயர்ந்தது என்பதற்காக அதைத் தேடிப் போகாதீர்கள். தேக்கின் எண்ணெய்ப்பசை வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து மஞ்சளாகக் கசியும். பைன் மரத்தில் கணு இருந்தால் பிசின் அதேபோல் மேலே வரும். கடையச் சொல்லிக் கொடுக்கும்போது நன்றாகக் காய்ந்த மரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை மரத்தில் கடைந்த முட்டை கொஞ்ச நாளில் முனையிலிருந்து வெடித்துக்கொண்டு போகும்.

சென்னப்பட்டணாவில் அரக்கு ஏற்றிய முட்டையையே வாங்கி அதன்மேல் வரையலாமா என்று சிலர் நினைப்பார்கள். அங்கே, சுழன்றுகொண்டிருக்கும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். அவ்வளவு வழவழப்பில் அக்ரிலிக் பிடிக்காது, நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். அந்த அழகை அப்படியே விட்டுவிடுவதுதான் நியாயம். வரைவதற்கு வெறும் மரமாக வாங்குங்கள்.

மற்ற சாமான்கள்

பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கும். உப்புத்தாள் 120, 220, 320 எண்களில் ஒவ்வொன்றிலும் ஒரு தாள். வண்ணத்துக்கு முன்னால் அடிப்பூச்சாக அடிக்க, தண்ணீரில் கரையும் வெள்ளை பிரைமர் அல்லது ஜெஸ்ஸோ. அக்ரிலிக் வண்ணங்களில் வெள்ளை, மஞ்சள், அடர் சிவப்பு, கறுப்பு. நைலான் பிரஷ் இரண்டு: தட்டையான 6-ம் எண், மெல்லிய 0 எண். 2எச் பென்சில், அகலமான ரப்பர் பேண்ட், குண்டூசி, தண்ணீரில் கரையும் வார்னிஷ். இவற்றோடு ஒரு குழந்தை வளையல். முட்டையை நிறுத்தி வைக்க அதைவிட நல்ல தாங்கி கிடையாது.

ஈரமான முட்டையைக் காயவைக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஒரு தெர்மோகோல் துண்டில் மூன்று குண்டூசிகளை முக்கோணமாக, ஒன்றுக்கொன்று 2 செ.மீ. இடைவெளியில், தலை மேலே இருக்கும்படி குத்துங்கள். முட்டையை மேலே வைத்தால் மூன்றே புள்ளிகளில்தான் தொடும். அந்தத் தழும்பும் அடுத்த பூச்சில் மறைந்துவிடும்.

பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவை இதற்கு எடுக்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-ல்தான். அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. முட்டை குழந்தை வாய்க்குப் போகும் பொருள்.

தேய்ப்பும் வெள்ளையும்

கையில் எடுத்ததும் முதலில் இரண்டு முனைகளைப் பாருங்கள். கடைசல் இயந்திரம் பிடித்த இடத்தில் சின்னப் புள்ளியோ வளையமோ இருக்கும். அதுதான் முட்டையின் மிகச் சரியான மையம், பிறகு எந்த அளவுகோலை வைத்தாலும் அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது. தேய்த்தால் அது அழிந்துவிடும், ஆகவே இப்போதே இரண்டு முனையிலும் குண்டூசியால் 2 மி.மீ. ஆழத்துக்குக் குத்தி வையுங்கள். இரண்டு கோட் வெள்ளை அடித்த பிறகும் அந்தக் குழி தெரியும். கோடு போடும்போது இதன் அருமை புரியும்.

இனித் தேய்ப்பு. முட்டையில் மர ரேகை முனையிலிருந்து முனைக்கு ஓடும். உப்புத்தாளும் அதே திசையில்தான் போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள் வெறும் மரத்தில் தெரியாது, வண்ணம் பட்டதும் பளிச்சென்று எழுந்து நிற்கும். 120-ஆல் கடைசல் வளையங்களை எடுத்து, 220-ஆல் அந்தக் கீறலை ஆற்றி, ஈரத்துணியால் முட்டை முழுக்க ஒரு முறை துடைத்து அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்த இடம் சொரசொரவென்று ஆகியிருக்கும். நனைந்த மரத்தின் நுண்ணிய இழைகள் எழுந்து நிற்பதால் வருவது அது. இப்போது 320-ஆல் லேசாக நாலு இழுப்பு இழுத்தால் அவை வெட்டுப்பட்டுப் போகும், இனி எழாது. இதைச் செய்யாமல் விட்டால் அதே இழைகள் பிரைமரின் ஈரத்தில் எழுந்து, பூச்சுக்குள்ளேயே உறைந்து நிற்கும்.

விரிசலோ சிறு பள்ளமோ இருந்தால், தச்சர்கள் செய்வதுபோல, தேய்த்ததில் விழுந்த மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைக்கலாம். மேலே முழுக்க வண்ணம் வரப்போகிறது என்பதால் நிறம் பற்றிக் கவலை வேண்டாம். காயும்போது உள்வாங்கும், அதனால் கொஞ்சம் மேடாகவே வையுங்கள். மறுநாள் தேய்த்துச் சமன் செய்யலாம்.

பிரைமரை ஒரே பூச்சில் தடிமனாக அடிக்க ஆசை வரும். மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள், நடுவில் 320-ஆல் ஒரு தேய்ப்பு. முதலில் மேல்பாதி, அது காய்ந்ததும் கவிழ்த்துக் கீழ்ப்பாதி. இரண்டு முனைகளிலும் மரம் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. எவ்வளவு வைத்தாலும் உறிஞ்சும். அந்த இரண்டு இடத்துக்கும் மட்டும் இன்னொரு கோட் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முட்டையின் உடம்பெல்லாம் ஒரே நிறமாகவும் முனைகள் மட்டும் மங்கலாகவும் நிற்கும்.

மர ரேகை தெரிய வேண்டும் என்று விரும்புபவர்கள் பிரைமருக்குப் பதில் தெளிந்த அக்ரிலிக் சீலர் ஒரு கோட் அடிக்கலாம். சூட்டுக் கருவியால் கோடு எரிக்க நினைப்பவர்கள் அதை வெறும் மரத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் அல்லது வார்னிஷ் மேல் சூடு வைத்தால் வரும் புகை உடம்புக்கு ஆகாது.

கோடு போடுவது

முட்டையில் தட்டையான இடமே கிடையாது. சிரமம் எல்லாம் இங்கேதான். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உக்ரைன்காரர்கள் நிறையக் குடியேறிய வெக்ரவில் என்ற ஊரில், கனடாவின் குதிரைப்படைக் காவல்துறையின் நூற்றாண்டை ஒட்டி 1975-ல் ஒரு மாபெரும் அலுமினிய பிசங்கா நிறுவினார்கள். வளைந்த முட்டையைத் தட்டைத் தகடுகளால் எப்படி மூடுவது என்பதே பெரும்பாடாகி, கடைசியில் ரொனால்ட் ரெஷ் என்ற கணினித்துறைப் பேராசிரியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 2,208 முக்கோணத் தகடுகள், 524 நட்சத்திரத் தகடுகள். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு காகிதத் துண்டு போதும். ஆனால் அளவுகோலை வைத்து நேர்க்கோடு போடும் முயற்சியை மட்டும் முதலிலேயே கைவிட்டுவிடுங்கள்.

முதலில் இடுப்புக் கோடு. 5 மி.மீ. அகலத்தில் காகிதத்தை நீளமாக வெட்டி, ஒரு முனைக் குழியிலிருந்து மறு முனைக் குழி வரை முட்டையின் மேல் படியவிட்டு, அந்த நீளத்தைக் குறித்து வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு விழும் இடம்தான் நடு. முட்டையின் நாலு பக்கத்திலும் இப்படியே வைத்து நாலு புள்ளி குறியுங்கள். முட்டை மிகப் பருத்திருக்கும் இடம் இதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும். கண் அதைத்தான் இடுப்பு என்று சொல்லும், கேட்காதீர்கள். நடுப்புள்ளியில் போட்டால்தான் மேல் நட்சத்திரமும் கீழ் நட்சத்திரமும் ஒரே நீளமாக வரும்.

நாலு புள்ளியையும் இணைக்க ஒரு வழி. முட்டையின் பருத்த பக்கம் கீழே இருக்கும்படி வளையலில் நிறுத்துங்கள். பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி, மேலே பென்சிலைப் படுக்கவைத்தால் அதன் முனை புள்ளியைத் தொட வேண்டும். உயரம் குறைந்தால் ஒரு தீப்பெட்டி, ஒரு அட்டை என்று சேர்த்துக்கொள்ளலாம். இடது கையால் பென்சிலை அசையாமல் அழுத்திக்கொண்டு, வலது கையால் முட்டையை வளையலுக்குள்ளேயே மெதுவாகச் சுற்றுங்கள். கோடு நாலு புள்ளியையும் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் சரி. சேரவில்லையென்றால் முட்டை சாய்ந்திருக்கிறது, அழித்துவிட்டு நிமிர்த்தி வையுங்கள். பிறகு அதே அடுக்கின் மேல் 4 மி.மீ. அட்டை ஒன்றைச் செருகி மேலே ஒரு கோடு, அதே அளவு குறைத்துக் கீழே ஒரு கோடு. இந்த 8 மி.மீ. பட்டைதான் முட்டையின் அரைஞாண்.

அடுத்தது எட்டுப் பங்கு. இன்னொரு காகிதத் துண்டை இடுப்பில் சுற்றி, நுனிகள் சந்திக்கும் இடத்தில் கச்சிதமாக வெட்டுங்கள். நாம் எடுத்த அளவு முட்டைக்கு அது சுமார் 14 செ.மீ. இருக்கும். மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுப் பங்கு, ஒவ்வொன்றும் 1.75 செ.மீ. இதை மறுபடி இடுப்பில் சுற்றி, மடிப்பு வரும் இடமெல்லாம் புள்ளி வையுங்கள். எண்ணோ பிரிவினையோ வேண்டாம், முட்டை எந்த அளவாக இருந்தாலும் காகிதமே பங்கு போட்டுக் கொடுத்துவிடும்.

இப்போது ரப்பர் பேண்ட். மேல்குழி, முதல் புள்ளி, கீழ்க்குழி, ஐந்தாம் புள்ளி என்று நாலு இடத்தையும் தொடும்படி மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து பாருங்கள். வளைந்திருந்தால் விரலால் நகர்த்திச் சரி செய்து, பேண்டின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலை இழுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கத்து ஓரம், அது முக்கியம். 2-6, 3-7, 4-8 என்று இதே மாதிரி. முடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் எட்டுக் கோடும் குழியில் வந்து கூடும்.

மிச்சம் நட்சத்திரம். பட்டையின் மேல் ஓரத்திலிருந்து மேல்குழி வரைக்குமான தூரத்தைக் காகிதத்தில் எடுத்துப் பாதியாக மடியுங்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே, அந்தப் பாதி உயரத்தில் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் கண் அளவு போதும். எட்டு இடத்திலும் வைத்துவிட்டு, பட்டையில் கோடு தொடும் இடத்திலிருந்து புள்ளிக்கு ஏறி, அங்கிருந்து அடுத்த கோடு தொடும் இடத்துக்கு இறங்கி, மறுபடி ஏறி, இப்படி முட்டையைச் சுற்றி வாருங்கள். மேலிருந்து பார்த்தால் எட்டுக் கதிர் நட்சத்திரம் நிற்கும். ஒவ்வொரு கதிரையும் நடுக்கோடு இரண்டாகப் பிளந்திருக்கும். கீழ்ப்பாதியிலும் இதே வேலை. கதிர் ஒல்லியாக வேண்டுமென்றால் புள்ளியைக் குழிக்குக் கிட்டே தள்ளி வையுங்கள்.

பென்சிலை அழுத்தாதீர்கள். பென்சில் கரி மஞ்சள் வண்ணத்தின் கீழே பச்சை பாய்ந்த அழுக்காகத் தெரியும். வண்ணம் தொடங்குமுன் மாவுபோல் பிசைய வரும் ரப்பரால் ஒத்தி எடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு விட்டுவையுங்கள்.

வண்ணம்

அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுக் கெட்டி மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் போனால் பூச்சு பலமிழந்து பொடிப்பொடியாக வரும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் பிரஷிலேயே காய்ந்துவிடும். ஒரு டப்பா மூடியில் ஈரத் துணியை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணத்தை வைத்துக்கொண்டால் வேலை முடியும்வரை இளகியே இருக்கும்.

முட்டையின் இரு முனைகளையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடியுங்கள். பிரஷ் பிடித்த கையின் மணிக்கட்டு மேசையில் ஊன்றியிருக்கட்டும். கோடு வளைய வேண்டிய இடத்தில் சுற்ற வேண்டியது முட்டைதான், பிரஷ் இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் கை ஒத்துழைக்காது. ஒரு பட்டை முடிவதற்குள் பழகிவிடும்.

முதலில் மஞ்சள். ஒவ்வொரு கதிரிலும் இடப்பாதிக்கு மட்டும். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு, வெள்ளையின் மேல் போட்டால்தான் ஒளிரும், சிவப்பு மேல் போட்டால் காணாமல் போகும். அதனால்தான் இதற்கு முதல் இடம். வலப்பாதிக்குச் சுத்த வெள்ளை ஒரு கோட். பாதி வெளிர், பாதி அடர்வு என்று பிரியும்போது கதிர்கள் தட்டையாக இல்லாமல் முட்டையிலிருந்து எழுந்து நிற்பதுபோல் தோன்றும். அடுத்து கதிர்களுக்கு இடையே, பட்டையை ஒட்டி நிற்கும் முக்கோணங்களுக்கு அடர் சிவப்பு, இரண்டு மெல்லிய கோட். கடைசியாகப் பட்டைக்குக் கறுப்பு. கறுப்பின் ஓரம் கதிர்களின் கூர்முனைகளைத் தொட்டுக்கொண்டு போவதால், அங்கே பிசிறியிருந்த மஞ்சளும் சிவப்பும் நேராகிவிடும்.

வண்ணம் கோடு தாண்டிவிட்டால் பதறாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே நனைத்த இயர் பட்ஸால் ஒற்றி எடுக்கலாம். காய்ந்துவிட்டதென்றால் தேய்க்காமல் அதன்மேல் வெள்ளை போட்டு, பிறகு சரியான நிறத்தை வையுங்கள்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இனி வரும் குண்டூசி வேலைதான். கிழக்கு ஜெர்மனியில் வாழும் சோர்ப் மக்களும், லித்துவேனியாவில் உள்ளவர்களும் குண்டூசித் தலையால் உருகிய மெழுகைத் தொட்டு முட்டையில் இழுப்பார்கள். நாம் மெழுகுக்குப் பதில் வண்ணத்தைத் தொடுகிறோம். ரப்பர் வைத்த பென்சில் ஒன்றின் ரப்பருக்குள் குண்டூசியைக் குத்திவிட்டால் பிடிக்க வசதியாக இருக்கும். தலை மட்டும் நனைய வேண்டும். சும்மா ஒற்றி எடுத்தால் புள்ளி. ஒற்றி, எடுக்காமல் உங்களை நோக்கி இழுத்தால் தலை பருத்து வால் மெலிந்த ஒரு சொட்டு. நாலைந்து சொட்டுகளை ஒரே புள்ளியை நோக்கி இழுத்தால் பூ, ஒரு கோட்டின் இரு பக்கமும் சரிவாக இழுத்தால் கோதுமைக் கதிர். சொட்டு ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தொட வேண்டும். ஆனால் ஒரே தொடுதலில் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறுத்துக்கொண்டே போகும். சிவப்பு முக்கோணங்களின் நடுவில் பெரியதில் தொடங்கி மூலையில் சிறியதாக முடிக்க இது நல்ல உத்தி. காகிதத்தில் கொஞ்ச நேரம் பழகிவிட்டு முட்டைக்கு வாருங்கள்.

கறுப்புப் பட்டையில் ஓடும் அலைக்கோடு இந்தக் கலையின் பழைய வடிவங்களில் ஒன்று. தொடக்கமும் முடிவும் தெரியக் கூடாது. ஒற்றைப்படைக் கோடு பட்டையைத் தொடும் இடங்களில் அலை மேல் ஓரத்துக்கும், இரட்டைப்படை இடங்களில் கீழ் ஓரத்துக்கும் போகட்டும். பங்கு எட்டு என்பதால் அலை சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும். யாராவது ஏழாகவோ ஒன்பதாகவோ பிரித்திருந்தால் கடைசியில் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே வந்து நிற்பார்கள். அலையை வெள்ளையில் 0 எண் பிரஷால் இழுத்து, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மஞ்சளாக வேண்டுமென்றால் முதலில் வெள்ளைப் புள்ளி, காய்ந்ததும் மேலே மஞ்சள்.

மார்க்கர் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அக்ரிலிக் மார்க்கர் என்றால் தாராளமாக. சாதாரண ஸ்கெட்ச் பேனா, ஜெல் பேனா எல்லாம் வார்னிஷ் பட்டதும் கலங்கி ஓடும். பெர்மனென்ட் மார்க்கரையும் நம்ப வேண்டாம், தின்னர் கலந்த வார்னிஷில் அதுவும் கசியும்.

பிசங்காவில் நாற்பது முக்கோணம் என்று ஒரு பிரபலமான பழைய வடிவம் உண்டு. தவக்காலத்தின் 40 நாட்களை அது குறிப்பதாகச் சொல்வார்கள். பார்த்தவுடன் ஆசை வரும். எட்டுக் கதிர் கைவந்த பிறகு அதற்குப் போகலாம்.

காகிதம் ஒட்ட நினைப்பவர்களுக்கு

வரைய மனம் வராதவர்கள் பூப்போட்ட டிஷ்யூ நாப்கினை ஒட்டலாம். நாப்கினில் இரண்டு மூன்று அடுக்கு இருக்கும், அச்சான மேல் அடுக்கை மட்டும் உரித்தெடுங்கள். முழுத் தாளாகச் சுற்றினால் முனைகளில் சுருக்கம் விழாமல் இருக்காது. பூக்களைத் தனித்தனியாக, 2 செ.மீ.க்கு மேல் போகாமல், கத்தரிக்காமல் ஈரப் பிரஷால் சுற்றிலும் கோடு போட்டுக் கிழித்தெடுத்தால் ஓரம் மெல்லியதாகி வெள்ளைக்குள் கலந்துவிடும். முட்டையில் பசை தடவி, பூவை வைத்து, நடுவிலிருந்து வெளியே தள்ளி ஒட்டுங்கள்.

வார்னிஷ்

வண்ணம் முடிந்த மறுநாள்தான் வார்னிஷ். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் குண்டூசிச் சொட்டுகளின் உள்ளே ஈரம் இருக்கும், பிரஷ் பட்டதும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மெலமைன், என்.சி. லாக்கர் என்ற மரப் பூச்சுகள் இரண்டும் வேண்டாம். அவற்றின் தின்னர் அக்ரிலிக்கைக் கரைக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்ச் பாலிஷும் அப்படித்தான். எண்ணெய் வார்னிஷ் வண்ணத்தைக் கெடுக்காது, ஆனால் நாளாக நாளாக வெள்ளையைப் பழுப்பாக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ்தான் ஒரே சரியான வழி. மெல்லியதாக மூன்று கோட், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. பிரஷை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் நுரை வந்து காயும்போது குழிகளாக நிற்கும். மினுங்கும் வகையா மங்கல் வகையா என்பது உங்கள் விருப்பம். என் ஓட்டு மினுக்கத்துக்கு. கறுப்பும் சிவப்பும் அப்போதுதான் ஆழம் கொள்ளும்.

ஸ்பிரே வாங்கியிருந்தால் அட்டைப் பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து அதற்குள் முட்டையை நிறுத்தி, மொட்டை மாடியில் அடியுங்கள். மழை நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் ஸ்பிரே வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும்.

முடிந்த முட்டைகளை உடனே கூடையில் குவித்துவிட வேண்டாம். அக்ரிலிக் காய்ந்த பிறகும் வெயில் காலத்தில் லேசாக ஒட்டும் குணம் உள்ளது. இரண்டு முட்டை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால், பிரிக்கும்போது ஒன்றின் வண்ணம் மற்றதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வாரம் தனித்தனியாக வளையல்களில் நிற்கட்டும். பிறகு ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, கடையில் முட்டை வாங்கிய அட்டைத் தட்டிலேயே அடுக்கி வைக்கலாம். செய்தித்தாளில் மட்டும் சுற்றாதீர்கள், மை ஏறிவிடும்.